அடுக்கம் வளைவில் கை நீட்டியவள்

பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே ஸ்கூட்டர் மறுபடியும் நின்றுபோனது.

கந்தவேல் உடனே இறங்கவில்லை. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கோபம் ஆறட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆறவில்லை. காலையில் வத்தலக்குண்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதே பாடுதான். ஏற்றம் வந்தால் இன்ஜின் இருமும். இன்னும் கொஞ்சம் ஏறினால் அடங்கிவிடும். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டி, கால் வலிக்க உதைத்தால் கிளம்பும். அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் இருமல்.

டெல்லி வரைக்கும் போய்த் திரும்பிய வண்டி அது. ராஜஸ்தான் மணலில் ஓடியிருக்கிறது. நர்மதைக் கரையில் முழங்கால் சேற்றில் ஓடியிருக்கிறது. அங்கெல்லாம் ஒரு நாள் கூட மானத்தை வாங்காத வண்டி, சொந்த மலைக்கு வந்ததும் முரண்டு பிடித்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் நல்லுசாமியின் ஒரே மகன் கந்தவேல். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் பள்ளிக்கூடம் முடித்தபோது, சித்தப்பா மகன் சொல்லிக்கொடுத்ததால் தேறினான் என்றார்கள். மின்சார இலாகாவில் வேலை கிடைத்தபோது, மாமன் சிபாரிசு என்றார்கள். கடையில் யார் வந்து மகனைப் பற்றிக் கேட்டாலும் நல்லுசாமி ஒரே பதிலைத்தான் சொல்வார். "அவன் ஒத்தையில எதையும் செஞ்சதில்லீங்க. யாராச்சும் கூட இருக்கணும்." கேலியாகச் சொல்லமாட்டார். வானிலை சொல்வதுபோலச் சொல்வார். அதுதான் சுருக்கென்று தைக்கும்.

அதனால்தான் இந்தப் பயணம். நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, தனியாக, துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் டெல்லி போய்த் திரும்புவது. பின் சீட்டில் ஒரு மூட்டை கூடக் கட்டவில்லை. சாமான் எல்லாம் முன்னால் காலடியிலும், பின்னால் ஸ்டெப்னி டயரின் மேலும் இருந்தன. வழியெல்லாம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அந்தச் சீட்டு காலி என்று. எத்தனையோ பேர் லிப்ட் கேட்டார்கள். ஒருவரையும் ஏற்றவில்லை.

திண்டுக்கல் வழியாகச் சமவெளியிலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கப் புதுப் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பும் லாரியும் தட்டுத்தடுமாறிப் போகும் என்று கேள்வி. ஸ்கூட்டரில் யாரும் இறங்கியதில்லை. கொடைக்கானல் ஏறி, அந்தப் பாதையில் இறங்கி, பாலசமுத்திரத்துப் பிரிவில் வந்து நிற்பதாக அடிவாரத்து வாலிபர் சங்கத்துக்குத் தந்தி கொடுத்திருந்தான். அவர்கள் மாலையோடு காத்திருப்பார்கள். அப்பாவையும் கூட்டிவருவதாக அவன் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்கள்.

இப்போது வண்டி நின்றுவிட்டது.

ஐப்பசி மாதத்து மஞ்சு பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்தது. மதியம் சாய்ந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் ரோட்டோரத்துத் தைல மரங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. மழைத் தண்ணீர் எங்கோ பாறையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

கீழே அடுக்கம் கிராமத்திலிருந்து ஏறி வரும் பழைய நடைபாதை அந்த வளைவில்தான் ரோட்டோடு சேர்கிறது. அந்தப் பாதையின் வாயில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவன் கவனிக்கவில்லை. கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. ஒரு கையை முன்னால் நீட்டினாள். பிச்சை கேட்கிற கை அல்ல அது. வண்டியை நிறுத்துகிற கை.

"தம்பி, ஒத்தையிலதான போறீங்க? என்னையும் ஏத்திக்கிட்டா ஆஸ்பத்திரிக்கிட்ட எறங்கிக்கிருவேன்."

யாரையும் ஏற்றுவதில்லை என்றும், பின்னால் பஸ் வரும் என்றும் அவன் சொன்னான். பிளக்கை மாட்டிக்கொண்டே சொன்னான், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பஸ்ஸு நிக்காது தம்பி. நின்னதே இல்ல."

"வேண்டாம்னா வேண்டாம். விடுங்கம்மா."

ஆத்திரத்தோடு உதைத்தான். அதுவரை பத்துத் தடவை உதைத்தாலும் மசியாத வண்டி, அந்த ஒரே உதையில் கிளம்பிவிட்டது. வளைவைத் தாண்டியபின் என்னவோ போலிருக்கவே திரும்பிப் பார்த்தான். பாதையில் யாரும் இல்லை. மஞ்சு மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கியர் மாற்றும்போதுதான் கவனித்தான். வண்டி இப்போது இருமவில்லை. கனத்தது.

அத்தோடு, குளிர் மூக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருக்க, அவன் முதுகு மட்டும் வியர்த்தது.

*

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, கித்தேரியம்மாள் என்ற விதவை ஒரு சின்ன லாட்ஜ் நடத்திவந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோர் தங்குகிற இடம். சீசன் இல்லாததால் லாட்ஜ் வெறிச்சோடியிருந்தது. கந்தவேல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனபோது, அந்த அம்மாள் அவன் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துச் சிரித்து, டபுள் ரூம் சூடாக இருக்கும், அதைத் தரட்டுமா என்று கேட்டாள். சிங்கிள் போதும் என்றான். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. சாவியைக் கொடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

வேறு யாரோ வருகிறார்கள் என்று அவன் பேசாமல் உட்கார்ந்தான். அவள் பரிமாறாமல் நின்றாள். அவங்க சாப்பிட வரவில்லையா என்று கேட்டாள்.

"யாரு?"

"பின்னால உக்காந்து வந்தாங்களே தம்பி. வெளிய குளிர்ல நிக்க வச்சிட்டு வந்துட்டீங்க. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு."

கந்தவேலுக்குப் பசியெல்லாம் கோபமாக மாறியது. பழனியிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து இங்கே, ஒரு ஆளைக்கூட ஏற்றாமல் வந்திருக்கிறேன், இத்தனை ஊர் பார்த்த சாட்சி இருக்கிறது என்று குரலை உயர்த்திச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஆளிடம் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டாள்.

"சரி தம்பி. உங்க விஷயம் உங்களோட. ஆனா அவங்களுக்கு ஃபீவர் ஜாஸ்தியா இருக்கு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. கொஞ்சம் கஞ்சி போட்டு உங்க ரூம் வாசல்ல வைக்கிறேன்."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். ஊருக்குள் காலடி வைத்ததுமே தன் பயணத்தைப் பொய்யாக்குகிறார்களே என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தான். நாளைக்கு இந்தப் பேச்சு பழனிக்கும் போகும். கூட ஒருத்தி இருந்தாளாம் என்பார்கள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். எனக்குத்தான் தெரியுமே என்பதுபோல வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவுவார். 

படுத்தபோது கம்பளி தேவைப்படவில்லை. அறை அவ்வளவு புழுக்கமாக இருந்தது. ஈரக் கம்பளி காய்கிற வாடை அடித்தது. லாட்ஜ் கம்பளிகளைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று அதற்கும் கித்தேரியம்மாளையே திட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.

விடிந்ததும் கதவைத் திறந்தான். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி படிந்து கிடந்தது. வாசலில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. யாரும் தொடவில்லை. ராத்திரி முழுக்கப் பனியில் இருந்த கிண்ணம்.

கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு வைத்ததுபோல ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இப்போதுதான் சுடவைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்று முடிவு செய்து, காலால் ஒதுக்கிவிட்டுப் போனான். சமையலறைக் கதவு இன்னும் பூட்டியிருந்ததைப் பார்த்தான். பார்த்ததைப் பற்றி யோசிக்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டான்.

பஜார் தெருவில் ஆரோக்கியதாஸ் என்ற மெக்கானிக் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தான். கந்தவேல் வண்டியை விட்டு இறங்கி, ஏற்றத்தில் இருமுகிறது, நேற்று மத்தியானத்திலிருந்து கனக்கிறது, கார்புரேட்டரைப் பார் என்று படபடவென்று சொன்னான். அவன் ஸ்பானரைத் துடைத்தபடி வந்து, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

"அந்தம்மாவக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க சார். ஸ்டாண்டு போடணும்."

கந்தவேல் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். லாட்ஜ்காரி சொல்லிக்கொடுத்தாளா, எத்தனை பேர் சேர்ந்து இந்த விளையாட்டு விளையாடுகிறீர்கள் என்று கத்தினான். பக்கத்து ரொட்டிக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆரோக்கியதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டைக்காரனில்லை அவன். சட்டையை விடுவித்துக்கொண்டு, தானே வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. கையை எடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான்.

"நீங்க வேற எங்கயாவது பாருங்க சார். எனக்கு வேற சோலி இருக்கு" என்றான். கடையைத் திறந்த கையோடு மூடினான்.

*

பெருமாள்மலையில் பழனிப் பாதை பிரிகிற இடத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். பவுல்ராஜ் என்கிற மேஸ்திரி அங்கே நின்று வண்டிகளைக் கேட்டுக் கேட்டு விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரான பேத்துப்பாறைக்காரர். தலையில் துண்டு, வாயில் சுருட்டு. கந்தவேல் அவரிடம் மின்சார இலாகா அடையாளச் சீட்டைக் காட்டி, பழனிக்கு இறங்க வேண்டும் என்றான்.

அவர் கையை விரித்தார். பாதை இன்னும் வெட்டி முடியவில்லை, நேற்று மழையில் ஓரம் சரிந்திருக்கிறது, ஸ்கூட்டர் என்றால் ஒற்றை ஆளாகத்தான் விடமுடியும் என்றார். அந்த அம்மா இங்கேயே இறங்கிக்கொள்ளட்டும், ஜீப் வரும்போது ஏற்றி அனுப்புகிறேன் என்று தணிவாகவே சொன்னார்.

அந்த இடத்தில் கந்தவேலுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.  கத்தக்கூட வரவில்லை. "யாரும் இல்லீங்க. சத்தியமா யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே, காட்டுவதற்காகத் திரும்பாமல் பின் சீட்டை ஓங்கி அறைந்தான்.

கை சீட்டின் மேல் படவில்லை.

அடுப்புக் கல்லைத் தொட்டதுபோல வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உள்ளங்கை சிவந்துவிட்டது.

பவுல்ராஜ் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். அவன் முகத்தை அல்ல, அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். சுருட்டு வாயிலிருந்து விழுந்தது. தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, சிலுவை போட்டார்.

"அடுக்கம் வளைவுல கை நீட்டுனாளா?"

கந்தவேல் தலையாட்டினான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னேன்."

அவர் அவனைக் கைத்தாங்கலாக இறக்கி, மூங்கில் மறிப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வண்டிக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல மெல்லப் பேசினார். அடுக்கத்தில் பாப்பம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். யுத்த காலத்தில் ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. புருஷன் கிடையாது. கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தானே மலையேறி அந்த வளைவுக்கு வந்து நின்றிருக்கிறாள். உருளைக்கிழங்கு லாரி ஒன்று வந்தது. டிரைவர் காய்ச்சல்காரியைக் கண்டு பயந்து ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். அவள் லாரிக்குப் பின்னாலேயே நடந்தாள். ஏற்றத்தில் லாரி மெதுவாகத்தானே போகும். கொஞ்ச தூரம் வரைக்கும் கண்ணாடியில் அவளைப் பார்த்ததாக டிரைவர் பிற்பாடு சொன்னான். அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. தேடிப்போன ஆட்களில் பவுல்ராஜும் ஒருவர். கம்பளி கூடக் கிடைக்கவில்லை.

"ஏத்திக்கிட்டவுங்களை அவ ஒண்ணுஞ் செய்யமாட்டா. ஆஸ்பத்திரிக்கிட்ட எறங்கிருவா. எத்தனையோ பேரு அப்படி ஏத்தியாந்துருக்காங்க. வேண்டாம்னு சொன்னவுங்க பின்னாலதான் நடப்பா."

"என்ன செய்யணுங்கிறீங்க?"

"அந்த வளைவு இந்தா, கிட்டத்துலதான் கெடக்கு. திரும்பிப் போங்க. நின்னு, ஏறிக்கம்மானு ஒரு வார்த்தை சொல்லுங்க. கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாங்க. அம்புட்டுத்தான்."

நியாயமான பேச்சு. ஒரு மணி நேர வேலை. ஆனால் கந்தவேலின் மனம் அந்த ஒரு வார்த்தையில்தான் போய் முட்டிக்கொண்டது. ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டால், ஏற்றியதாகிவிடும். டெல்லிவரை காலியாகப் போய் வந்த சீட்டு, வீட்டுக்கு ஒரு மலை இறங்க வேண்டிய நேரத்தில் காலியில்லை என்றாகிவிடும். வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். அப்பா கேட்கும்போது அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

நான் எதையும் நம்பவில்லை என்றான். அவனே கேட்டு வெட்கப்படும்படியான குரலில் சொன்னான். போய் மூங்கிலைத் தானே தூக்கினான். பவுல்ராஜ் தடுக்கவில்லை. துண்டைக் கையில் வைத்தபடி, அந்த வண்டி போகும் வரை தலைகுனிந்து நின்றார்.

*

புதிதாகப் பிளந்த பாறையின் வாடையும் வெடிமருந்து வாடையும் பாதையெங்கும் தேங்கியிருந்தன. ஒரு பக்கம் செம்மண் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. மஞ்சுதான் இருந்தது. அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. சக்கரத்தடியில் ஜல்லி புரண்டது.

இறக்கம் என்பதால் இன்ஜின் இருமவில்லை. ஆனால் வண்டி நிற்கவும் மறுத்தது. கால் பிரேக்கை மிதித்தால் எரிந்த வாடைதான் வந்தது. இரண்டாம் கியரில் போட்டும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல முன்னேறியது. கந்தவேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாகத் திருப்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழுத்தின் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், மூச்சு பட்டது.

சீரான மூச்சு அல்ல அது. காய்ச்சல்காரர்கள் வாயால் விடுகிற மூச்சு.

அவன் திரும்பவில்லை.

"தம்பி. வெரசா போகாதீங்க."

"பேசாம வாங்க" என்று எரிந்து விழுந்தான்.

சொன்ன பிறகுதான், தான் பதில் சொன்னது உறைத்தது.

 அடுத்த வளைவில் ஓரம் சரிந்துகிடந்தது. பாதையில் பாதியைக் காணவில்லை. கால் பிரேக் தரைவரை போய் முட்டியது, எதுவும் பிடிக்கவில்லை. கைப் பிரேக்கை இழுத்தால் முன்சக்கரம் வழுக்கி வண்டி பள்ளத்தின் பக்கம் திரும்பியது. மஞ்சு கிழிந்து, வெகு கீழே வரதமாநதி ஓடை ஒரு நூலாகத் தெரிந்தது. இத்தனை நாள் எரிச்சல், இத்தனை நாள் வீம்பு எல்லாம் அந்த ஒரு கணத்தில் வடிந்து, வெறும் பயம் மட்டும் மிஞ்சியது.

"ஏறிக்கங்கம்மா" என்றான். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னான். "நல்லா உக்காந்துக்கங்க. என்னையப் புடிச்சுக்கங்க."

இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றி வந்தன.

சட்டையைத் தாண்டிச் சுட்டன. ஆனால் இறுக்கவில்லை. பயந்த பிள்ளையைப் பிடிக்கிறதுபோலப் பிடித்தன. வண்டியின் பாரம் பள்ளத்தின் பக்கமிருந்து மண்சுவரின் பக்கம் மெல்லச் சாய்ந்தது. கியர் பிடித்தது. சரிவை உரசிக்கொண்டு சக்கரம் கடந்தது. அதற்குப் பிறகு கந்தவேல் அழுதுகொண்டே ஓட்டினான். இறங்க இறங்க மஞ்சு மெலிந்து வெயில் வந்தது. புளிய மரங்கள் வந்தன. கீழே பழனி மலை, கோபுரத்தோடு, உள்ளங்கையில் வைத்ததுபோலத் தெரிந்தது.

கடைசி வளைவில் நிறுத்தினான்.

"ஆஸ்பத்திரி கீழயும் இருக்கும்மா. இங்கன எறங்கிக்கங்க" என்று கெஞ்சினான்.

இடுப்பிலிருந்து கைகள் விலகின. ஸ்பிரிங் முனகியபடி வண்டியின் பின்பக்கம் உயர்ந்தது. முதுகில் காற்று பட்டது. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, மெல்லத் திரும்பிப் பார்த்தான். வெயில் விழுந்த செம்மண் பாதை வெறுமையாக மேலே போய்க்கொண்டிருந்தது.

*

பாலசமுத்திரத்துப் பிரிவில் நாதஸ்வரமே வைத்திருந்தார்கள். வாலிபர் சங்கச் செயலாளர் ஞானவேல் வண்டியின் குறுக்கே வந்து நின்று, மாலையைப் போட்டு, ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டான். கூட்டத்தின் ஓரத்தில், வெள்ளை வேட்டி கட்டி, அப்பா நின்றிருந்தார். அம்மா விசாலாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கந்தவேலின் கண் சிவந்திருந்ததைக் காற்றில் வந்த தூசி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஞானவேல் ஒவ்வொரு ஊராகச் சொல்லி முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒலிபெருக்கியை அவன் வாய்க்கு நேரே நீட்டி, ஊருக்கே தெரியும்படி ஒரு கேள்வி கேட்டான். போகும்போதும் வரும்போதும் எந்த இடத்திலாவது யாரையாவது ஏற்றிக்கொண்டது உண்டா?

கந்தவேல் அப்பாவைப் பார்த்தான். அவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும்போல அலட்சியமாக அல்ல. தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பதிலைத் தவறவிடக் கூடாது என்பதுபோல நின்றார். அவன் பிறந்ததிலிருந்து அவர் அவன் பேச்சுக்காக அப்படிக் காத்து நின்றதில்லை.

"இல்ல" என்றான் கந்தவேல். "ஒருத்தரையும் ஏத்தல. மலையில ஒரு அம்மா கேட்டாங்க. அவங்களையும் வேண்டாம்னுட்டேன்."

ஒலிபெருக்கி அதைப் பிடித்து மலைப்பக்கமாக எறிந்தது. வேண்டாம்னுட்டேன் என்று ஒருமுறை திரும்பி வந்தது.

நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. நல்லுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகன் தோளில் கை வைத்தார். "எம் மகன் ஒத்தையில போயிட்டு வந்துட்டான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்தச் சொல்லுக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான். கேட்டுவிட்டான். ஆனால் அதை வாங்கி வைத்துக்கொள்ள மனசில் இடம் இல்லாததுபோல இருந்தது.

முதுகு மெல்லச் சூடேறியது. உச்சி வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைத் தொடவே இல்லை. கடையில் உட்கார்ந்தான், வருகிறவர்களுக்குப் பயணக் கதை சொன்னான். அப்பா மறுப்பில்லாமல் கேட்டார். கொடைக்கானல் கதையை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. நாளாக ஆக, அது நடந்ததா என்று அவனுக்கே சந்தேகமாகிவிட்டது.

மகன் நல்லபடியாகத் திரும்பினால் மலையேறி அபிஷேகம் செய்வதாக விசாலாட்சி வேண்டியிருந்தாள். கார்த்திகை பிறந்த ஒரு காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். நல்ல கூட்டம். அப்பாவும் அம்மாவும் முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். கந்தவேல் காவடிக் கூட்டத்துக்கு வழி விட்டு ஓரமாக ஏறிக்கொண்டிருந்தான். பாதி மலை ஏறியிருப்பான். மேலேயிருந்து மொட்டையடித்து இறங்கி வந்த ஒரு கிராமத்து ஆள், அவனைத் தாண்டியதும் நின்றார். முன்பின் தெரியாத ஆள். முகத்தைச் சுளித்து, கண்டிக்கிற மாதிரிப் பேசினார்.

"ஏப்பா, நீ பாட்டுக்கு வெரசா ஏறுறியே. பின்னால அந்தம்மா முடியாம வாராங்க. மேலு கொதிக்குது போல. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

காவடிச் சத்தம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கந்தவேல் ஒரு படியில் நின்றான். அவனுக்கு ஓட வேண்டும்போலவும் இல்லை, கத்த வேண்டும்போலவும் இல்லை. களைத்துப்போயிருந்தான். திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பின்னால் நீட்டினான்.

"வாங்கம்மா" என்றான். "ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டாந்து விடுறேன்."

கொதிக்கிற விரல்கள் அவன் விரல்களுக்குள் வந்து கோத்துக்கொண்டன.

அப்படியே திரும்பி, மலையிறங்கி, அடிவாரத்துத் தெருவெல்லாம் நடந்து, சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, போயிட்டு வாங்கம்மா என்று சொல்லித் தன் விரல்களை விரித்தான்.

அவளுடைய விரல்கள் விரியவில்லை.